எல்லோருக்கும் ஒரே பீப்பாய்

என் அத்தான் இதுவரை ஒரு உயிரையும் பட்டினி போட்டதில்லை. அதுவே கடைசியில் வினையாகிப் போனது. இப்படிச் சொன்னால் அக்கா என்னை முறைப்பாள். முறைக்கட்டும். அவளுக்கு அவர்மேல் பாசம் மட்டும்தான். எனக்குப் பாசமும் கோபமும் சரிபாதி. அதனால் அவரைப் பற்றி அவளைவிட நான் ஒழுங்காகச் சொல்வேன்.

தெருவில் அவருக்குக் குதிரைக்காரர் என்று பெயர். ஊர் முடிகிற இடத்தில், லாரி பழுது பார்க்கிற பட்டறைக்குப் பின்னால், ஒரு காலத்தில் மரக்கிடங்காக இருந்த நீளக் கொட்டகைதான் லாயம். அதை ஒட்டினாற்போல் எங்கள் வீடு. அதற்குக் கீழே சரிவாக இறங்குகிற புல்வெளி. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு தையல் மிஷினையும் இரண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டு நான் இங்கே வந்தேன். முன்னறை ஜன்னலோரம் மிஷினைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறேன். லாயத்தில் எது நடந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. அத்தான் எனக்கு சிசிடிவி என்று பட்டம் வைத்திருந்தார்.

அவரைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் முதலில் அவருடைய சாப்பாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். கைக்குழந்தையிலேயே அம்மாவைப் பறிகொடுத்தவர். சித்தி வந்தாள். அடித்தாளா, சூடு வைத்தாளா என்றால் அதெல்லாம் இல்லை. இரண்டு பானை வைத்தாள், அவ்வளவுதான். ஒன்று தன் பிள்ளைகளுக்கு, இன்னொன்று இவருக்கு. இவர் பானையிலும் வயிறு நிறையச் சோறு இருந்தது. மற்றப் பானையில் என்ன இருந்தது என்பது மட்டும் இவருக்கு வாசனையாகவே தெரியும். கல்யாணமான புதிதில் ஒரே ஒருமுறை இதை அக்காவிடம் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு, நம் வீட்டில் இரண்டு பானை வேண்டாம் என்றிருக்கிறார்.

அன்றிலிருந்து அதுதான் வீட்டுச் சட்டம். நடுவில் அக்காவுக்கு ரத்தக்கொதிப்பு வந்து, உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். அவளுக்கு மட்டும் தனியாகச் சமைப்பதா, நடக்காது என்று அத்தான் ஒற்றைக் காலில் நின்றார். வீட்டில் எல்லோருக்கும் உப்பில்லாச் சாப்பாடு. நான் நூல்கண்டுப் பெட்டிக்குள் ஒரு சின்ன டப்பாவில் உப்பை ஒளித்து வைத்துத் தொட்டுக்கொண்டேன். ஒருநாள் பார்த்துவிட்டார். எதுவும் கேட்கவில்லை, அன்றைக்கு முழுவதும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. ஏதோ நான் திருடிவிட்டதைப்போல. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது, ஆனாலும் டப்பாவைக் கழுவி அடுக்களையில் வைத்துவிட்டேன்.

லாயத்திலும் அதே சட்டம். மூன்று குதிரைகள், ஒரு பீப்பாய், ஒரு தகர டப்பா. மூன்றும் அடுத்தவர்கள் வேண்டாம் என்று தள்ளியவை. வக்கீல் என்கிற செம்பழுப்பு ஆண்குதிரை எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் பண்ணும். இடது பக்கம் போகச் சொன்னால் நின்று யோசிக்கும். மாப்பிள்ளை வெள்ளை நெற்றிக்காரன். வேலை செய்யமாட்டான், கவனிப்பில் ஒரு குறை வைக்கக்கூடாது. மூன்றாவது, சாம்பல் நிறப் பெண்குதிரை. மற்ற இரண்டும் அவள் நகர்ந்தால்தான் நகரும் என்பதால் அவளுக்குப் பெரியம்மா என்று பெயர். விடுமுறை நாட்களில் பிள்ளைகள் சவாரி பழக வருவார்கள். அவர்களை அத்தான் வாடா போடா என்பார், குதிரைகளை வாங்க போங்க என்பார்.

பெரியம்மா சினையாக இருந்தாள். இந்த வயதில் இதுதான் கடைசி வாய்ப்பு என்று கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லியிருந்தார். அத்தானும் அக்காவும் பிள்ளை இல்லாதவர்கள். அந்தப் பேச்சை நாங்கள் யாரும் எடுப்பதில்லை. ஆனால் அவர் கொட்டகையின் வெயில் விழுகிற மூலையை இடித்துப் பெரிதாக்கி, ஆணி ஒன்றுகூட நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்று சுவரைத் தடவித் தடவிப் பார்த்ததை நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார், இங்கே இருக்கிறதெல்லாம் எங்கிருந்தோ வந்தது, இந்தக் குட்டி ஒன்றுதான் இங்கேயே பிறக்கப்போவது என்று. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் என்னைப்போல வாயாடி இல்லை.

குளிர் ஆரம்பித்த சமயம் அந்த மூன்று பிராணிகளும் வந்தன. மேட்டில் உல்லாச விடுதி நடத்துகிறவர், வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்வதற்காக எங்கிருந்தோ வாங்கி வைத்திருந்தவை. விடுதியை மூடி மராமத்து வேலை பார்க்கப்போகிறேன், குளிர் முடிகிறவரை உங்கள் புல்வெளியில் இருக்கட்டும் என்று கேட்டார். அத்தானுக்குத்தான் இல்லை என்று சொல்ல வாய் வராதே.

லாரியிலிருந்து முதலாவது இறங்கியபோது நான் அக்காவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். மாடுதான், ஆனால் நாம் பார்த்த மாடு இல்லை. வயிற்றிலிருந்து தரை வரைக்கும் கறுப்பு முடி தொங்கியது. கால் தெரியவில்லை, அதனால் நடப்பதாகத் தெரியாமல் நகர்ந்து வந்தது. கொம்பு இரண்டும் பக்கவாட்டில் போய் மேலே வளைந்திருந்தன. வால் மட்டும் அப்படியே குதிரை வால். கத்தவில்லை, உறுமியது. அதற்கு ஒரு பெயர் சொன்னார்கள், நாக்கில் நிற்கவில்லை. நாங்கள் சடைமாடு என்றே கூப்பிட்டோம்.

லாரிக்காரர் பின்னாலிருந்து மூட்டைகளை இறக்கி அடுக்கினார். விடுதியிலிருந்தே வந்த தீவனம், மூட்டைமேல் ஒரு மாட்டின் படம். கிளம்பும்போது அவர் அத்தானிடம் ஒன்று சொன்னார்.

"அண்ணே, இதுங்களுக்கு இந்த மூட்டைதான். வேற எதையும் குடுத்துப் பழக்கிடாதீங்க, வயிறு கெட்டுடும்."

எல்லோரும் கேட்டோம். சடைமாட்டுக்கு வேறு எது ஆகாது என்றுதான் அவர் சொன்னார். சடைமாட்டின் தீவனம் வேறு யாருக்கு ஆகாது என்று அவர் சொல்லவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது.

முதல் வாரம் குதிரைகள் ஒழுங்காகத் தூங்கவில்லை. புல்வெளியை நடுவில் கம்பிவேலி போட்டுப் பிரித்திருந்தார் அத்தான். வேலிக்கு அந்தப் பக்கம் மூன்று கறுப்பு மேடுகள், இந்தப் பக்கம் மூன்று குதிரைகள் ஒரே மூலையில் ஒட்டிக்கொண்டு. வக்கீல் காது இரண்டையும் பின்னால் மடக்கிக்கொண்டு நின்றான். சவாரிக்கு வந்த ஒரு பெண்ணை மாப்பிள்ளை கீழே தள்ளிவிட்டான், நல்லவேளை வைக்கோல்மேல் விழுந்தாள். பெரியம்மாதான் என்னை அதிகம் பயமுறுத்தினாள். அவள் மிரளவில்லை, ஓடவில்லை. வேலியைப் பார்த்தபடி, வயிற்றை எங்கள் வீட்டுச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றாள். இந்த வீட்டில் ஏதோ நடக்கப்போகிறது என்று நான் அக்காவிடம் சொன்னேன். அந்தக் கொம்பு குட்டியைக் குத்திவிடும் என்றுதான் நான் நினைத்தேன். பட்டறைக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள். தெருவே கொம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அத்தான் பார்த்தது வேறு. காலையில் அவர் இந்தப் பக்கம் பீப்பாயிலிருந்து கொள்ளும் தவிடும் போடுவார். அந்தப் பக்கம் போய் மூட்டையைப் பிரித்துக் கொட்டுவார். அப்போது குதிரைகள் மூன்றும் தலையைத் தூக்கி அந்த மூட்டையின் வாசனையைப் பிடிக்குமாம். சாப்பிடும்போது என்னிடம் திடீரென்று சொன்னார்.

"அதுங்களுக்குப் பயம் இல்லம்மா. அந்தப் பக்கம் என்ன போடுறாங்கன்னு பார்க்குதுங்க."

எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும் என்று இப்போது யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அன்றைக்கு எனக்கு அவர்மேல் பரிதாபம்தான் வந்தது. தலை நரைத்த பிறகும் அந்தச் சித்தியின் அடுக்களையில்தான் இந்த மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் வேலியைப் பிரித்தார். மூட்டைகளைப் பீப்பாயில் கொட்டி, கொள்ளும் தவிடும் சேர்த்து, இரண்டு கையாலும் அடிவரைக்கும் கலந்தார். நீளத் தொட்டி ஒன்றைப் புல்வெளியின் நடுவில் வைத்தார். லாரிக்காரர் சொன்னதை அக்கா ஞாபகப்படுத்தினாள். கொள்ளு தின்றால் எந்த வயிறும் கெடாது என்று அத்தான் சொல்லிவிட்டார். சடைமாடுகள் வந்து வாயை வைத்தன. வக்கீல் முகர்ந்து பார்த்துவிட்டு மூக்கைச் சிலுப்பினான். மாப்பிள்ளை பாதி தின்றுவிட்டு ஒதுக்கினான். முறுக்கிக்கொள்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே அத்தான் வெல்லத்தைக் கரைத்து மேலே ஊற்றினார். அதற்குப் பிறகு வக்கீல் தொட்டியையே நக்கித் தீர்த்தான்.

சொல்லி வைத்தாற்போல் லாயம் அமைதியானது. சில நாட்களிலேயே வக்கீல் காதை மடக்குவதை விட்டுவிட்டான். இடது பக்கம் என்றால் இடது பக்கம் போனான். மாப்பிள்ளை சடைமாட்டுக்குப் பக்கத்தில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான், சண்டை இல்லை, மிரட்டல் இல்லை. பட்டறைக்காரர்கள் வேலை முடிந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள். அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தியா சிசிடிவி, சேர்ந்து சாப்பிட்டா சேர்ந்திடுவாங்க என்று ஜன்னலைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போனார். நானும் சிரித்தேன். ஆனால் எதிர்வாதம் பண்ணாத வக்கீலைப் பார்க்க எனக்கு என்னவோபோல் இருந்தது. அது நல்ல பிள்ளைத்தனமாக இல்லை, அலுத்துப்போன மாதிரி இருந்தது.

பிறகு ஒரு காலை, பெரியம்மா வியர்த்துக்கொண்டு நின்றாள். வாயில் புகைவிடுகிற குளிர், அவள் கழுத்திலிருந்து வியர்வை வழிகிறது. பின்னங்கால்களை அகட்டி வைத்துக்கொண்டு, தலையைத் திருப்பித் தன் வயிற்றைப் பார்த்தாள். படுத்தாள், எழுந்தாள். அத்தான் வீட்டுக்குள் ஓடிவந்து, நேரம் வந்துவிட்டது, நாளுக்கு முன்னாலேயே வந்துவிட்டது என்றார். அக்காவை வெந்நீர் வைக்கச் சொன்னார். புது வைக்கோல் பரப்பினார். அந்த மனிதர் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததே இல்லை. துணியை மிஷினிலேயே விட்டுவிட்டு நானும் போனேன்.

போகிற வழியில் வக்கீலைப் பார்த்தேன். அவனும் வியர்த்துக்கொண்டிருந்தான். அவனும் பின்னங்காலை அகட்டிக்கொண்டு, தலையைத் திருப்பி வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன அத்தான், வக்கீலுக்குமா பிரசவம்?"

வேடிக்கையாகத்தான் கேட்டேன். அத்தான் திரும்பிப் பார்த்தார். வக்கீல் ஒரு அடி எடுத்து வைத்தான், பின்பக்கம் அவனோடு வரவில்லை. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான். எழுந்திருக்கப் பார்த்து முன்னங்கால்களால் தரையைச் சுரண்டினான். அத்தானுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டாக்டரம்மாவுக்கு நான்தான் போன் போட்டேன்.

அவர் வருவதற்குள் வக்கீல் போய்விட்டான். டாக்டரம்மா வீண்பேச்சு பேசாதவர். மாப்பிள்ளையின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், பெரியம்மாவுக்கு வைத்துக் கேட்டார், ஈறுகளைப் பார்த்தார். என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டார். அத்தான் அந்த நிலையிலும் நிமிர்ந்து நின்று பதில் சொன்னார்.

"எல்லாரும் ஒண்ணாத்தான் சாப்பிடுறாங்க டாக்டர். நான் பாகுபாடு பார்க்கிறதில்ல."

டாக்டரம்மா பீப்பாயிலிருந்து ஒரு கை அள்ளி முகர்ந்தார். காலிச் சாக்கைக் காட்டச் சொன்னார். மேலே அச்சடித்திருந்ததைப் படித்துவிட்டு, அதை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். மாட்டுத் தீவனத்தில் வயிற்று நோய் வராமலிருக்க ஒரு மருந்து கலப்பார்கள், அசை போடுகிற மாட்டுக்கு அது ஒன்றும் செய்யாது, குதிரைக்கு இதயத்தின் சதையையே அழித்துவிடும் என்று மெதுவாகச் சொன்னார். மாற்று மருந்து கிடையாது. இனி அந்தத் தொட்டியின் பக்கமே விடக்கூடாது, அசையாமல் நிற்க வைக்க வேண்டும், காத்திருக்க வேண்டும். பெரியம்மாவுக்கு வந்தது பிரசவ வலி இல்லை.

மாப்பிள்ளை அன்று சாயங்காலம் விழுந்தான். கீழே புல்வெளியில் சடைமாடுகள் மூன்றும் சாவகாசமாக அசை போட்டுக்கொண்டிருந்தன. அதுகள் என்ன செய்யும், அதுகளுக்கு எதுவும் தெரியாது. ஆனாலும் அன்றைக்கு ஒரு கட்டையை எடுத்து அதுகளை அடிக்க வேண்டும்போல் எனக்கு இருந்தது.

பெரியம்மா மட்டும் நின்றாள். மற்ற இரண்டும் போன பிறகு இவள் எப்படி நிற்கிறாள், வயதும் அதிகம், சினை வேறு, இவள் குறைவாகச் சாப்பிட்டாளா என்று டாக்டரம்மா கேட்டார். இல்லை, எல்லோருக்கும் ஒரே அளவுதான் என்றார் அத்தான். கதவருகே நின்றிருந்த அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அவ அதை அவ்வளவா தொடலைங்க. வெல்லம் ஊத்தியும் தொடலை. நான்தான் நீங்க கடைக்குப் போற நேரத்துல தவிட்டை மட்டும் வெந்நீர்ல பிசைஞ்சு, நம்ம சமையல் பாத்திரத்துல கொண்டுபோய் ஊட்டினேன். தினமும்."

அத்தான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளுக்கு மட்டும் தனியாவா?" என்றார்.

"ஆமாங்க. தனியாத்தான்."

அவர் அப்படியே வைக்கோல்மேல் உட்கார்ந்துவிட்டார். அக்காமேல் கோபப்படுவார் என்று நினைத்து நான் முன்னால் போனேன். அவர் அவள் கையைப் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். அக்கா மறுகையால் அவர் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். எனக்குத் தாங்கவில்லை, டாக்டரம்மாவைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

சடைமாடுகளை அந்த வாரமே லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது. விடுதிக்காரர் வருத்தம் தெரிவித்தார். அவரைக் குறை சொல்லவும் எங்களிடம் ஒன்றும் இல்லை. பீப்பாயை அத்தான் பட்டறையில் கொடுத்து நசுக்கச் சொன்னார்.

குட்டி உரிய நாளில், விடியற்காலையில் பிறந்தது. பெண்குட்டி, அம்மா மாதிரியே சாம்பல், ஒரு காது மட்டும் கறுப்பு. பிரசவத்தைப் பெரியம்மாவின் இதயம் தாங்காது என்று டாக்டரம்மா எங்களைத் தயார்படுத்தியிருந்தார். தாங்கியது. எழுந்து நின்று குட்டியை நக்கினாள். நாங்கள் மூவரும் பைத்தியங்களைப்போல் சிரித்தோம். டாக்டரம்மா மட்டும் சிரிக்காமல் குழாயை நெஞ்சில் வைத்து ரொம்ப நேரம் கேட்டார். பிறகு அத்தானைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாகக் கூப்பிட்டுச் சொல்வதையும் கேட்டுவிடுகிற ஜாதி நான்.

"பார்க்க நல்லாத்தான் இருப்பா. ஆனா அழிஞ்ச சதை அழிஞ்சதுதான். இனிமே இவமேல யாரையும் ஏத்தாதீங்க. ஓட விடாதீங்க. ஓடினா, ஓடிக்கிட்டே இருக்கும்போது விழுந்திடலாம். நாளைக்கும் நடக்கலாம், அஞ்சு வருஷம் கழிச்சும் நடக்கலாம்."

ஓட விடாமல் இருப்பது எப்படி? பிறந்த மூன்றாம் நாளே குட்டி கொட்டகைக்குள் துள்ளி, சுவரில் மோதிக்கொண்டது. குட்டி ஓடத்தான் வேண்டும், இல்லையென்றால் கால் வலுக்காது என்றும் அதே டாக்டரம்மாதான் சொன்னார். குட்டியை மட்டும் வெளியே விட்டுப் பார்த்தோம். அது புல்வெளி வாசலின் மூங்கில் படலைத் தாண்டுவதற்குள் உள்ளே பெரியம்மா கத்தித் தீர்த்து, கதவில் நெஞ்சை மோதினாள். மோதி மோதி வாயில் நுரை தள்ளியது. அப்போதே போய்விடுவாள் என்று அத்தான் பதறிக் கதவைத் திறந்துவிட்டார். கயிற்றில் பிடித்துக்கொண்டு கூடவே போனார். குட்டி வேகமெடுத்ததும் கயிறு அவர் கையை அறுத்துக்கொண்டு போனது.

அதனால் இப்போது தினமும் காலையில் இரண்டையும் சேர்த்தே விடுகிறார். வேறு வழி இல்லை. வெயில் புல்வெளியின் பாதிக்கு வந்ததும் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து படலுக்குப் பக்கத்தில் நிற்பாள். நானும் மிஷினை நிறுத்திவிட்டுப் போய் அவளோடு நிற்பேன். அத்தான் படலின்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருப்பார். இன்றைக்குக் காலையிலும் அக்கா கேட்டாள், ஒரு நாளைக்கு விட வேண்டாமே என்று. அது ஓட வேண்டாமா என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் திறந்தார்.

குட்டி வால் தூக்கிக்கொண்டு சரிவில் பாய்ந்தது. நாளுக்கு நாள் அதன் வேகம் கூடுகிறது. கால்கள் நன்றாக வலுத்துவிட்டன. பின்னாலேயே பெரியம்மா போனாள். முதலில் நடை, பிறகு ஓட்டம், பிறகு அந்த வயதுக்கு யாரும் எதிர்பார்க்காத நாலுகால் பாய்ச்சல். கீழ்க்கோடிப் பள்ளத்தில் இரண்டும் கண்ணுக்கு மறைந்தன. அத்தான் வழக்கம்போல் அந்தப் பக்கம் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தா சொல்லும்மா என்று என்னிடம் சொல்லி வைத்திருக்கிறார். குட்டி முதலில் மேடேறி வந்தது, தனியாக. வந்து நின்று திரும்பிப் பார்த்தது. அக்கா என் கையை நகம் பதியப் பிடித்தாள். நான் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் சாம்பல் தலை ஒன்று மேலே தெரிந்தது.

"வந்துட்டா அத்தான்," என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, நாளைக்குப் புல் எடுக்கச் சீக்கிரமே போக வேண்டும் என்றார்.